‘இது என் மத நம்பிக்கை’ன்னு கிரிமினல் கோர்ட்ல சொன்னா என்ன ஆகும்? நாலு வழிகளை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்

ரெண்டு தீர்ப்புலேருந்து ஆரம்பிக்கிறேன். ரெண்டுலயும் செடி ஒண்ணு, வழிபாடு ஒண்ணு, முடிவு மட்டும் நேர் எதிர்.

பெயோட்டின்னு ஒரு சின்ன கள்ளி இருக்கு, முள்ளு கிடையாது, டெக்சாஸ் தெற்குப் பக்கமும் மெக்சிகோவுலயும் வளரும். அதுல மெஸ்கலின்னு ஒரு பொருள் இருக்கிறதுனால சாப்பிட்டா கண்ணுக்கு முன்னாடி காட்சிகள் வரும். அமெரிக்கப் பூர்வகுடிகள் நிறைய பேர் சேந்திருக்கிற நேட்டிவ் அமெரிக்கன் சர்ச்ல வழிபாட்டோட உயிரே இந்தக் கள்ளிதான், ராத்திரி முழுக்க உக்காந்து பாடி, வேண்டிக்கிட்டு, விடியிற வரைக்கும் இதை சாப்பிடுவாங்க. 1962-ல கலிபோர்னியாவுல நீடில்ஸ் பக்கம் பாலைவனத்துல நவஹோ இனத்துக்காரங்க சிலர் இப்படி வழிபாட்டுல இருந்தப்போ போலீஸ் உள்ள வந்து பிடிச்சுது, கீழ்க் கோர்ட்ல தண்டனையும் ஆச்சு. 1964-ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து பண்ணிருச்சு, இவங்க இதை சாப்பிட்டா அரசுக்கு என்ன பெரிய கேடு வந்துடப் போகுதுன்னு அரசுத் தரப்பால காட்ட முடியலங்கிறதுதான் காரணம்.

அப்புறம் 1990. அதே சர்ச், அதே கள்ளி. ஓரிகான் மாநிலத்துல போதை மறுவாழ்வு மையத்துல ஆலோசகரா இருந்த ரெண்டு பேர் வழிபாட்டுல கொஞ்சம் பெயோட்டி சாப்பிட்டாங்க, வேலை போச்சு, வேலையில்லாதவங்களுக்குக் குடுக்குற உதவித்தொகையும் கிடையாதுன்னுட்டாங்க. அவங்களை யாரும் ஜெயில்ல போடல, ஆனா ஓரிகான்ல பெயோட்டி வச்சிருக்கிறது கிரிமினல் குற்றம், அதனால அந்தக் குற்றச் சட்டத்துலேருந்து மதத்துக்கு விலக்கு உண்டா இல்லையாங்கிற இடத்துல வந்து மொத்த கேஸும் நின்னுருச்சு. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன பதில்: கிடையாது. ஸ்மித் கேஸ்னு சட்டம் படிக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும்.

ஒரு விஷயத்தை முதல்லயே பிரிச்சு வச்சுக்கணும். ஒரு மதத்தைக் குறி வச்சே எழுதுற சட்டத்தைப் பத்தி நான் பேசல, அது தப்புன்னு ஏறக்குறைய எல்லா நல்ல அரசியல் சாசனமும் சொல்லிடும். கஷ்டமான கேள்வி வேற. போதைப்பொருள் வச்சிருக்காத, கத்தி எடுத்துட்டுத் திரியாத, ஒரு கல்யாணத்துக்கு மேல பண்ணாத, உதவி பண்ணாம ஒருத்தரை சாக விடாதன்னு எல்லாருக்கும் பொதுவா, யாரையும் மனசுல வைக்காம எழுதின கிரிமினல் சட்டம் ஒண்ணு இருக்கு, அது போய் ஒருத்தரோட நம்பிக்கை மேல மோதுது, அவர் கூண்டுல நின்னு ‘ஆமா செஞ்சேன், ஆனா என் மதம் செய்யச் சொல்லுது’ன்னு சொல்றாரு. அப்போ என்ன பண்றது? உலகத்துல இதுக்குப் பெருசா நாலு வழி நடைமுறையில இருக்கு.

முதல் வழி, ‘சட்டம் சட்டம்தான்’. இதோட பழைய தீர்ப்பு 1879-ல வந்த ரெனால்ட்ஸ் கேஸ். யூட்டா பிரதேசத்துல மார்மன் மதத்தைச் சேந்தவர் ஜார்ஜ் ரெனால்ட்ஸ், ரெண்டாவது கல்யாணம் பண்ணாரு, 1862-ல வந்த பலதார மணத் தடைச் சட்டப்படி தண்டனை ஆச்சு. என் மதத்துல ஆண்களுக்கு இது கடமை, பண்ணாம விட்டா மறுமையில நரகம்னு அவர் வாதாடினாரு. தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட் அதை ஏத்துக்கல, நம்பிக்கை உன் மனசுக்குள்ள இருக்கிற வரைக்கும் யாரும் தொட முடியாது, செயலுக்கு வந்துட்டா சட்டம் தொடலாம், இல்லைன்னா ஒவ்வொருத்தனும் தனக்குத் தானே சட்டமா ஆயிடுவான்னு எழுதினாரு. ஒரு மதம் நரபலி குடுக்கச் சொன்னா விட்டுடுவீங்களா, புருஷனோட சிதையில விழணும்னு ஒரு பொண்ணு நம்பினா அரசு தடுக்கக்கூடாதான்னு அவர் கேட்ட கேள்வி இன்னிக்கு வரைக்கும் இந்த வழியோட மிகப் பலமான வாதமா இருக்கு.

1990-ல ஸ்மித் தீர்ப்பு எழுதின நீதிபதி ஸ்காலியாவும் இதைத்தான் எடுத்துக்கிட்டாரு. வரி, ராணுவ சேவை, தடுப்பூசி, போக்குவரத்து விதி, குழந்தைகளைப் புறக்கணிக்கிறதுக்கு எதிரான சட்டம்னு ஒரு நீளமான பட்டியல் போட்டு, இது ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு நம்பிக்கைக்காரருக்கும் அரசு தனித்தனியா நியாயம் சொல்லிக்கிட்டே இருந்தா நாடு நடக்காதுன்னாரு. இந்த வாதத்தை லேசா தள்ளிட முடியாது. ஒரு ஜட்ஜ் யாரோட பக்தி எவ்வளவு ஆழம்னு அளந்து பாக்க வேண்டிய அவசியமே இந்த வழியில இல்ல, பணக்காரர் ஏழை, பெரிய மதம் சின்ன மதம்னு பாக்காம எல்லாருக்கும் ஒரே பதில், வக்கீலுக்குக் காசு செலவழிக்காமலே பதில் என்னன்னு தெரிஞ்சுடும்.

ஆனா ஸ்காலியாவே அந்தத் தீர்ப்புல ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டாரு பாருங்க, அதுலதான் எனக்கு மனசு ஆறல. விலக்கு வேணும்னா சட்டசபையில போய் கேட்டு வாங்கிக்கோங்க, அப்படி விட்டா சின்ன மதங்களுக்கு ஒப்பீட்டளவுல நஷ்டம்தான், ஆனா ஜனநாயகத்துல அது தவிர்க்க முடியாததுன்னு எழுதியிருக்காரு. சிறுபான்மையோட உரிமையை பெரும்பான்மையோட ஓட்டுக்கு விடக்கூடாதுங்கிறதுக்காகத்தானே அடிப்படை உரிமைன்னு தனியா ஒண்ணு எழுதி வச்சிருக்கோம்? அதை எதிர்த்து எழுதின நீதிபதி ப்ளாக்மன் ஒரு உதாரணம் காட்டினாரு. அமெரிக்காவுல மதுவிலக்கு இருந்த காலத்துல சர்ச் பூசையில பயன்படுத்துற திராட்சை மதுவுக்கு அந்தச் சட்டத்துலயே விலக்கு குடுத்திருந்தாங்க. மது குடிக்கிற மதத்துக்கு சட்டசபையில ஆள் இருந்துச்சு, கள்ளி சாப்பிடுற மதத்துக்கு இல்ல.

இந்த முதல் வழிக்குள்ளயும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கு. சட்டம் நெஜமாவே பொதுவானதா இருக்கணும். ஃபுளோரிடாவுல ஹயலியா நகரத்துல வழிபாட்டுல மிருக பலி குடுக்கிற சான்டேரியாங்கிற மதத்துக்காரங்க கோயில் கட்டப் போறோம்னு சொன்னதும் நகர சபை அவசர அவசரமா மிருக பலிக்கு எதிரா விதிகள் போட்டுச்சு, ஆனா வேட்டை, இறைச்சிக்காக வெட்டுறது, யூதர்களோட கோஷர் முறையில அறுக்கிறதுன்னு மத்த எல்லாத்துக்கும் வழி விட்டுடுச்சு. பொதுச் சட்டம் மாதிரி வேஷம் போட்டாலும் இது ஒரு மதத்துக்கு எதிரானதுதான்னு 1993-ல சுப்ரீம் கோர்ட் அடிச்சுத் தள்ளிருச்சு. சமீப வருஷங்கள்ல அந்த வாசல் இன்னும் அகலமாயிட்டு வருது. ஆனாலும் ஸ்மித் தீர்ப்பு 2021-ல நேரா கேள்விக்கு வந்தப்போகூட ரத்தாகாம தப்பிச்சிருச்சு.

ரெண்டாவது வழி, ‘அரசே, நீ பதில் சொல்லு’. இது எனக்குப் பிடிச்ச வழி, அதை மறைக்கல, அதனால இதைப் பத்திக் கொஞ்சம் அதிகமாவே பேசப் போறேன்.

இதுல குற்றம் சாட்டப்பட்டவர் ரெண்டு விஷயம் காட்டணும், நம்பிக்கை உண்மையானது, சட்டம் அதை நெஜமாவே நெருக்குது. காட்டிட்டா பந்து அரசு பக்கம் போயிடும். இந்தத் தடை ஏன் அவ்வளவு முக்கியம், குறிப்பா இவருக்கும் போட்டே ஆகணுமா, இதைவிட மென்மையா அதே வேலையை முடிக்க வழியே இல்லையான்னு அரசுதான் நிரூபிக்கணும். அமெரிக்காவுல 1972-ல யோடர் கேஸ்ல இப்படித்தான் பாத்தாங்க. விஸ்கான்சின்ல, நவீன உலகத்தை ஒதுக்கி வச்சு பழைய முறையில வாழுற ஆமிஷ்ங்கிற கிறிஸ்தவ சமூகத்துப் பெற்றோர் பிள்ளைகளை எட்டாம் வகுப்போட நிறுத்திட்டாங்க, கட்டாயக் கல்விச் சட்டப்படி தண்டனை, ஆளுக்கு 5 டாலர் அபராதம். அபராதம் சின்னதுதான், ஆனா கட்டிட்டுப் போயிட்டே இருந்தா அவங்க வாழ்க்கை முறை கொஞ்ச வருஷத்துல இல்லாமப் போயிடும்ங்கிற வாதத்தை கோர்ட் ஏத்துக்குச்சு. அந்தக் கேஸ்லயே டக்ளஸ்ங்கிற நீதிபதி பிள்ளைங்களை யாராவது கேட்டீங்களான்னு தனியா எழுதினாரு, அதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

ஸ்மித் தீர்ப்பு வந்ததும் அமெரிக்காவுல பெரிய கொந்தளிப்பு. வழக்கமா எதிரெதிர் பக்கம் நிக்கிற அமைப்புகள்லாம் ஒண்ணா சேந்து நின்னாங்க, 1993-ல மத சுதந்திர மீட்புச் சட்டம்னு ஒண்ணு செனட்ல 97-க்கு 3 ஓட்டுல நிறைவேறிச்சு. ஆனா 1997-ல சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது, ஃபெடரல் அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தும்னு சொல்லிருச்சு, அதனால பாதி பலம் போச்சு. மீதிப் பாதி எப்படி வேலை செய்யுதுங்கிறதுக்கு நல்ல உதாரணம் 2006-ல வந்த ஓ சென்ட்ரோ கேஸ். பிரேசில்ல தோன்றின ஒரு சின்ன மதப் பிரிவு, அமெரிக்காவுல மொத்தம் 130 பேர் மாதிரிதான், அமேசான் காட்டுச் செடிகளைக் காய்ச்சி ஒரு தேநீர் குடிச்சு வழிபடுறாங்க, அதுல டிஎம்டின்னு தடை செஞ்ச பொருள் இருக்கு. கஸ்டம்ஸ் பிடிச்சிருச்சு. போதைச் சட்டம்னா ஒருத்தருக்கும் விலக்கு குடுக்கக்கூடாது, குடுத்தா சட்டமே நிக்காதுன்னு அரசு வாதாடுச்சு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கேட்டது ரொம்ப நேரான கேள்வி: லட்சக்கணக்கான பூர்வகுடி மக்களுக்கு பெயோட்டிக்கு விலக்கு குடுத்துட்டுத்தானே இருக்கீங்க, அதுல சட்டம் நின்னுதானே இருக்கு? உனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும், அதனால யாருக்கும் கிடையாதுங்கிறது அதிகாரிகள் காலங்காலமா சொல்ற பேச்சுன்னு சொல்லி ஒருத்தர்கூட மாறாம அந்த சர்ச் பக்கம் தீர்ப்பு குடுத்தாங்க.

இந்த வழியில போனா யார் வேணா தப்பிச்சுடலாம்னு ஒரு பயம் இருக்கு, அது சரியில்ல. ரெண்டு கேஸை பக்கத்துல வச்சுப் பாருங்க. அரிசோனா பாலைவனத்துல எல்லை தாண்டி வர்றவங்க தாகத்துல சாகுறாங்கன்னு நாலு பேர் அனுமதி இல்லாம ஒரு வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள போய் தண்ணி கேன் வச்சாங்க, கேஸ் போட்டு தண்டனையும் ஆச்சு. உயிரைக் காப்பாத்துறது எங்க நம்பிக்கையோட கட்டளைன்னாங்க. 2020-ல மேல இருந்த ஜட்ஜ் அதை உண்மையான மதச் செயல்னு ஏத்துக்கிட்டு, தண்டிச்சே ஆகணும்ங்கிறதுக்கு அரசு சொன்ன காரணம் போதாதுன்னு தண்டனையை ரத்து பண்ணாங்க. இன்னொரு பக்கம், 2018-ல கத்தோலிக்க அமைதிப் போராளிகள் ஏழு பேர் ஜார்ஜியாவுல அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல் தளத்துக்குள்ள வேலியை வெட்டிட்டு ராத்திரியில நுழைஞ்சு, சுத்தியலால அடிச்சு, ரத்தத்தை ஊத்தி எதிர்ப்பு காட்டினாங்க. அவங்களும் இதே மத சுதந்திர மீட்புச் சட்டத்தைத்தான் காட்டினாங்க, அவங்க பக்தி பொய்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா அணு ஆயுதத் தளத்தோட பாதுகாப்பு முன்னாடி அந்த வாதம் நிக்கல, 2019-ல குற்றவாளிகள்னு தீர்ப்பு வந்துச்சு. சட்டம் ஒண்ணுதான், கேள்வியும் ஒண்ணுதான். ஒரு இடத்துல அரசால பதில் சொல்ல முடிஞ்சுது, இன்னொரு இடத்துல முடியல.

போலி பக்தர்கள் வந்துடுவாங்களேன்னு கேக்குறவங்களுக்கு, வராம இல்ல. 1968-ல எல்எஸ்டிங்கிற போதைப்பொருள் கேஸ் ஒண்ணுல நியோ அமெரிக்கன் சர்ச்னு ஒரு அமைப்பு வந்து நின்னுச்சு, மூணு கண்ணு தவளைதான் அவங்க சின்னம், அவங்க நூலைப் படிச்சுப் பாத்த ஜட்ஜ் இதுல மதமே இல்லன்னு தள்ளிட்டாரு. நம்பிக்கை சரியா தப்பான்னு கோர்ட் பாக்கக்கூடாது, ஆனா அந்த ஆள் நெஜமா நம்புறாரா இல்ல நடிக்கிறாரான்னு பாக்கலாம், இது 1944-லயே தீர்மானமான விஷயம். மோசடி கேஸ்கள்ல ஒருத்தர் உண்மை பேசுறாரா பொய் பேசுறாரான்னு ஜூரி தினமும்தான் முடிவு பண்ணுது, இதுல மட்டும் முடியாதுங்கிறது எனக்கு ஒப்பல.

அமெரிக்காவுக்கு வெளியில இந்த ரெண்டாவது வழிக்கு ஒரு தங்கச்சி இருக்கு, தண்டனை அளவுக்கு மீறிப் போகுதான்னு எடை போட்டுப் பாக்குற முறை, ஐரோப்பாவுலயும் கனடாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் அதுதான். ஜெர்மனியில 1971-ல வந்த ஒரு தீர்ப்பை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே சின்ன கிறிஸ்தவப் பிரிவு. பிரசவத்துக்கு அப்புறம் அந்த அம்மாவுக்கு ரத்தம் ஏத்தணும்னு டாக்டர் சொன்னாரு, அவங்க நல்ல நினைவோட வேண்டாம்னுட்டு ஜெபத்தை நம்பினாங்க, இறந்துட்டாங்க. மனைவியை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலைன்னு, உதவி பண்ணாம விட்ட குற்றத்துக்காகப் புருஷனுக்குத் தண்டனை. அரசியல் சாசன கோர்ட் அதை நீக்கிருச்சு, தன் மனசாட்சிக்கும் மனைவி எடுத்த முடிவுக்கும் கட்டுப்பட்டு நின்ன மனுஷனை கிரிமினல் முத்திரை குத்தி அடிக்கிறது அளவு மீறின செயல்னு சொல்லிச்சு. முதல் வழியில போயிருந்தா இந்தக் கேள்வியைக் கேக்கவே வாய்ப்பு இருந்திருக்காது. அதே மாதிரி ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் 2011-ல ஆர்மீனியாவுல ராணுவத்துக்கு வரமாட்டேன்னு சொன்னதுக்காக ரெண்டரை வருஷம் ஜெயில் வாங்கின யெகோவா சாட்சி இளைஞருக்கு சாதகமா தீர்ப்பு குடுத்துச்சு, மாற்றுச் சேவை செய்யத் தயார்னு ஒருத்தர் சொல்றப்போ அப்படி ஒரு வழியை அமைச்சுக் குடுக்காம நேரா ஜெயில்ல தள்றது சரியில்லைங்கிற நியாயம்தான் அதுல.

இப்போ பலதார மணத்துக்கு வருவோம், ஏன்னா ரெண்டு வழியோட வித்தியாசம் இங்கதான் பளிச்சுன்னு தெரியும். 1879-ல ரெனால்ட்ஸ் தீர்ப்புல பலதார மணம் ஏன் தப்புன்னு சொல்ல வந்தப்போ, வடக்கு மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு இது எப்பவுமே அருவருப்பா இருந்திருக்கு, ஆசிய ஆப்பிரிக்க மக்களோட வழக்கமாதான் இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. அவ்வளவுதான் ஆதாரம். கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா கோர்ட் 2011-ல இதே கேள்வியை எடுத்துச்சு, மாசக்கணக்கா நிபுணர்களையும் பலதார மணம் நடக்குற சமூகத்துல வளந்தவங்களையும் கேட்டுச்சு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் துரத்திவிடப்படுற வாலிபர்களுக்கும் வர்ற கேட்டை விலாவாரியா பதிவு பண்ணி, ஆமா இந்தச் சட்டம் மத சுதந்திரத்தைத் தொடுது, ஆனா தொடுறதுக்கு நியாயம் இருக்குன்னு முடிச்சுது. 2017-ல அப்படிப்பட்ட ஒரு சமூகம் வாழுற பவுண்டிஃபுல்ங்கிற குடியிருப்போட தலைவர் 24 கல்யாணத்துக்காகக் குற்றவாளின்னு தீர்ப்பும் வந்துச்சு. ரெண்டு நாட்டுலயும் மதத்துக்காரர் தோத்துட்டாரு. ஆனா ஒண்ணுல ஏளனத்தால தோத்தாரு, இன்னொண்ணுல ஆதாரத்தால தோத்தாரு. எனக்கு இது ரொம்பப் பெரிய வித்தியாசம்.

குறை இல்லாம இல்ல. கேஸ் நடத்த வருஷங்களும் பணமும் வேணும். ஜட்ஜ்களோட எடைக்கல் ஒரே மாதிரி இருக்காது. 2002-ல தென்னாப்பிரிக்காவுல வக்கீலாகப் போராடின, கஞ்சாவை வழிபாட்டுப் பொருளா பாக்குற ரஸ்தஃபாரிங்கிற மதத்தைச் சேந்த ஒருத்தர் மத வழிபாட்டுக்குக் கஞ்சா பயன்படுத்த விலக்கு கேட்டாரு, 5-க்கு 4-ல தோத்துட்டாரு, ஒரு ரஸ்தா கையில இருக்கிற கஞ்சா வழிபாட்டுக்கா விக்கிறதுக்கான்னு போலீஸ் எப்படிப் பிரிக்கும்ங்கிறதுதான் பெரும்பான்மையோட கவலை. ஒரு ஓட்டு இப்படி அப்படி போயிருந்தா கதையே வேற. அவரே 2018-ல திரும்ப வந்து ஜெயிச்சாரு, ஆனா மதத்தைச் சொல்லி இல்ல, வீட்டுக்குள்ள தனியா பயன்படுத்துறது அந்தரங்க உரிமைன்னு சொல்லி, அதுவும் எல்லாருக்கும் சேத்து. மத விலக்கு கேக்குற இடத்துல சட்டமே அளவுக்கு மேல போயிருக்கான்னு ஒரு தடவை திரும்பிப் பாக்கணும்ங்கிறதை நான் இந்தக் கேஸ்லதான் கத்துக்கிட்டேன்.

மூணாவது வழி, சட்டம் எழுதுறவங்களே விலக்கையும் எழுதிடுறது. பிரிட்டன்ல 1976-லயே தலைப்பாகை கட்டுற சீக்கியர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்லேருந்து விலக்கு குடுத்துட்டாங்க, 1988-ல பொது இடத்துல கத்தி வச்சிருக்கிறதைக் குற்றமாக்கின சட்டத்துல மதக் காரணத்துக்காக வச்சிருந்தா கோர்ட்ல அதைச் சொல்லித் தண்டனையிலேருந்து தப்பிக்கலாம்னு எழுதினாங்க. இந்தியாவுல அரசியல் சாசனம் 25-வது பிரிவுக்கு விளக்கமாவே கிர்பான்ங்கிற குறுவாளை அணியிறது சீக்கிய மதத்தோட சேத்திதான்னு எழுதியிருக்கு. ஓரிகான்கூட ஸ்மித் கேஸ்ல ஜெயிச்ச அடுத்த வருஷமே, 1991-ல, பெயோட்டி வழிபாட்டுக்கு விலக்கு குடுத்திருச்சு, 1994-ல நாடு முழுக்க பூர்வகுடி மக்களுக்கு ஃபெடரல் சட்டமும் வந்துச்சு. ஜெர்மனியில 2012 மே மாசம் கொலோன் கோர்ட் ஒண்ணு சின்னப் பையனுக்கு மதக் காரணத்துக்காகச் செஞ்ச சுன்னத் உடல் காயக் குற்றம்னு சொன்னதும் யூதர்களும் முஸ்லிம்களும் பதறிப் போனாங்க, அந்த டிசம்பர்லயே நாடாளுமன்றம் நிபந்தனைகளோட அனுமதிச்சு சட்டம் போட்டுருச்சு.

இதோட பெரிய பலம் தெளிவு. ரோட்ல நிக்கிற போலீஸ்காரருக்கு யாரை விடணும் யாரைப் பிடிக்கணும்னு அந்த இடத்துலயே தெரியும், பக்தருக்கும் நாளைக்கு ஜெயிலான்னு பயம் இல்ல. பலவீனம் முன்னாடியே சொன்னதுதான், எண்ணிக்கையும் குரலும் இருக்கிறவங்களுக்குத்தான் கிடைக்கும். சீக்கியருக்கு விலக்கு எழுதின அதே பிரிட்டன்ல ரஸ்தஃபாரி ஒருத்தர் 2001-ல கஞ்சா கேஸ்ல மத சுதந்திரத்தைச் சொல்லிப் பாத்தாரு, நடக்கல. அந்த 130 பேர் தேநீர் சர்ச் நாடாளுமன்றத்துக்குப் போயிருந்தா எந்த உறுப்பினர் அவங்களுக்காக எழுந்து நின்னிருப்பாரு?

நாலாவது வழி இந்தியாவோடது, ‘இது உன் மதத்துக்கு அத்தியாவசியமா?’. 1954-ல ஷிரூர் மடம் கேஸ்ல வந்தப்போ நோக்கம் நல்லதுதான், எது மதம்னு அந்த மதத்தோட கோட்பாட்டை வச்சே பாக்கணும்னு சொன்னாங்க. போகப் போக அது கோர்ட்டே மத நூலைத் திறந்து வச்சு முடிவு சொல்றதா மாறிருச்சு. 1958-ல பக்ரீதுக்கு மாடு அறுக்கிறது பத்தின கேஸ்ல, ஒருத்தருக்கு ஒரு ஆடுன்னும் குடுக்கலாம் ஏழு பேர் சேந்து மாடு ஒட்டகம்னும் குடுக்கலாம்னு நூல்ல இருக்கு, அதனால மாடு கட்டாயம் இல்லன்னுட்டாங்க. ஆனந்த மார்க்கம்ங்கிற பிரிவு பொது இடத்துல தாண்டவ நடனம் ஆடுறது பத்தின கேஸ் இன்னும் வருத்தமா இருக்கும். 1955-ல தோன்றின மார்க்கம், தாண்டவம் 1966-லதான் வந்துச்சு, அதனால அத்தியாவசியம் இல்லன்னு 1983-ல தீர்ப்பு. அப்புறம் அவங்க தங்களோட நூல்லயே அதைச் சேத்துட்டு வந்தாங்க. 2004-ல கோர்ட் சொன்னது, இப்படி மாத்தக்கூடியது எதுவும் மதத்தோட மையம் ஆகாதுன்னு. அப்போ ஒரு மதம் வளரவே கூடாதா? முதல் நாள்லயே எல்லாத்தையும் எழுதி மூடிடணுமா?

கிரிமினல் சட்டத்தோட இது நேரா மோதினது சந்தாரா விஷயத்துல. வாழ்க்கையோட கடைசியில உணவைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு உயிரைத் துறக்குற ஜைன விரதம் அது. 2015 ஆகஸ்ட் 10-ம் தேதி ராஜஸ்தான் ஹைகோர்ட் இது அத்தியாவசியம்னு நிரூபிக்கப்படல, தற்கொலை முயற்சியாவும் அதுக்குத் தூண்டுறதாவும் பாத்து கேஸ் போடணும்னு சொல்லிச்சு, அதே மாசம் 31-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வச்சுது. அந்த விரதம் இருக்கிற பெரியவர் தன் விருப்பத்தோட இருக்காரா, சொத்துக்காகவோ பாரத்துக்காகவோ யாராவது அவரை நெருக்குறாங்களாங்கிறதுதான் கிரிமினல் சட்டம் கேக்க வேண்டிய கேள்வி. அதை விட்டுட்டு மோட்சம் அடைய இது ஒண்ணுதான் வழியா வேற வழி இருக்கான்னு கேட்டா, அது ஜட்ஜோட வேலையும் இல்ல, அந்தப் பெரியவருக்குப் பாதுகாப்பும் இல்ல. முதல் வழியாவது நம்பிக்கையைத் தொடாம விடுது. நாலாவது வழி உள்ள வந்து உக்காந்து உன் மதம் எதுன்னு உனக்கே சொல்லுது. நாலுல எனக்கு ஏத்துக்கவே முடியாதது இதுதான்.

கேட்டா நான் ரெண்டாவதைத்தான் எடுப்பேன், மூணாவதை அதுக்குத் துணையா வச்சுக்குவேன், ஏன்னா ஜெயில்ல ஒரு மனுஷனைப் போடுறது அரசு கையில இருக்கிற கடைசி ஆயுதம், அதை எடுக்குறப்போ ஏன் எடுக்குறேன்னு சொல்றது அரசோட கடமை. ஆனா ஒரு கோடு போட்டுத்தான் எடுப்பேன். கேடு இன்னொருத்தர் தலையில விழுதுன்னா, அதுவும் சரின்னு சொல்ல வயசு வராத ஒருத்தர் தலையில, அங்க மத வாதத்துக்கு இடமே இருக்கக்கூடாது. பெரியவங்க தாங்களே தியாகி ஆகிக்கலாம், பிள்ளைகளைத் தியாகி ஆக்க உரிமை இல்லன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1944-லயே எழுதியிருக்கு. ஜெர்மனியில அந்த அம்மா தன்னோட முடிவைத் தானே எடுத்தாங்க, அதனால புருஷன் தப்பிச்சது நியாயம். அதே படுக்கையில ரெண்டு வயசுக் குழந்தை இருந்திருந்தா நியாயம் இல்ல.

இந்த விஷயத்துல கோர்ட்டுகளைவிட சட்டசபைகள்தான் அதிகம் தவறிருக்கு. 1974-ல அமெரிக்க ஃபெடரல் அரசு குழந்தைகள் பாதுகாப்பு நிதி வேணும்னா, மருந்துக்குப் பதிலா ஜெபத்தை நம்புற பெற்றோருக்கு விலக்கு எழுதுங்கன்னு மாநிலங்களைக் கேட்டுச்சு, வரிசையா எழுதினாங்க. 1983-ல அந்த நிபந்தனையை எடுத்தாச்சு, ஆனா எழுதின விலக்குகள் அப்படியே தங்கிருச்சு. பாஸ்டன்ல 1986-ல குடல் அடைப்புல ஒரு ரெண்டு வயசுக் குழந்தை இறந்துச்சு, ஜெபம் மட்டும் செஞ்ச பெற்றோருக்கு ஆன தண்டனையை 1993-ல மாநில உச்ச கோர்ட் ரத்து பண்ண வேண்டி வந்துச்சு, காரணம் சட்டத்துல எழுதியிருந்த விலக்கையும் அதைப் பத்தி அரசு வக்கீல் குடுத்த விளக்கத்தையும் அவங்க நம்பியிருக்கலாம்ங்கிறது. அந்த வருஷக் கடைசியிலயே மாசசூசெட்ஸ் அந்த விலக்கை நீக்கிருச்சு. ஓரிகான் தொடர்ந்து குழந்தைங்க இறந்தப்புறம் 2011-ல நீக்கிச்சு. பக்கத்துல இருக்கிற ஐடஹோவுல எத்தனையோ தடவை மசோதா கொண்டு வந்து பாத்துட்டாங்க, அந்த விலக்கு இன்னும் சட்டப் புத்தகத்துல இருக்கு.